டிராயிங்கில் உள்ளபடி

தம்பி,

இந்நேரத்துக்கு உன் போன் நாலைந்து தடவை சத்தம் போட்டு, உன்னையும் அறையில் கூட இருக்கும் பிள்ளைகளையும் எழுப்பியிருந்தால் கோபித்துக்கொள்ளாதே. மணி ஒன்றாகப் போகிறது. பகலிலேயே எழுதியிருக்கலாம்தான். பகலில் எழுதியதையெல்லாம் பயந்து பயந்து கிழித்துப் போட்டுவிட்டேன். போனில் பேசலாம் என்றால் மூன்றாவது வாக்கியத்தில் நீ "சூப்பர்வைசர் வர்றாரும்மா, வெச்சிட்றேன்" என்பாய். அதனால் நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு அப்புறம் கத்து.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உன் கம்பெனியின் தரப் பிரிவுக்கு நான் ஒரு மெயில் அனுப்பப் போகிறேன். குழந்தைகளைச் சூடாக வைக்கும் அந்த வார்மர் இயந்திரத்துக்கு எங்கள் ஆபீஸ் வடிவமைத்துக் கொடுத்த சர்க்யூட் போர்டின் ஃபேப்ரிகேஷன் டிராயிங்கில் தப்பு இருக்கிறது, தப்பு என்னுடையது, அந்த போர்டு பொருத்திய எதையும் வெளியே அனுப்பாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். நீ வேண்டாம் என்றாய். உன் அப்பா வேண்டாம் என்கிறார். எங்கள் ஓனர் சார் "நல்லா யோசிச்சிக்கோம்மா" என்றார். அதற்கும் அர்த்தம் அதுதான். நன்றாக யோசித்துவிட்டேன். அனுப்பத்தான் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாய். "யம்மா, உங்க ஆபீஸ் போர்டு அறுபது வந்துச்சு. கனெக்டர் பின்னு உள்ள எறங்கவே மாட்டேன்னுடுச்சு. எங்க சூப்பர்வைசர் இன்னா பண்ணாரு தெரியுமா? ஹேண்ட் டிரில் எடுத்து எல்லா ஓட்டையும் பெரிசு பண்ணி ஜல்தியா முடிச்சிட்டாரு. சூப்பர் மூளைம்மா அந்தாளுக்கு." நானும் "அப்படியா" என்று சிரித்தேன். மறுநாள் ஆபீஸ் போனதும் முதல் வேலையாக அந்த டிராயிங்கைத் திறந்தேன். நீ டெஸ்டிங்கில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அந்தத் துளைக்குள் என்ன இருந்தது என்று உனக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். வீட்டில் இத்தனை வருடம் நான் சொல்லித் தரவில்லை. "அம்மா கம்ப்யூட்டர்ல படம் போடறாங்க" என்று நீ பள்ளிக்கூடத்தில் சொன்னாய், நானும் அதோடு விட்டுவிட்டேன்.

நான் போடும் படம் என்னவென்றால், இதுதான். போர்டின் கம்பிப் பாதைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் இழுத்து முடித்த பிறகு, அதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு தாள் போகும். நீள அகலம், எந்த மூலையிலிருந்து அளக்க வேண்டும், பலகை எவ்வளவு கனம், செம்பு எவ்வளவு கனம், எந்த அளவில் எத்தனை துளை, அதில் எவ்வளவு கூடலாம் குறையலாம், எல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். செய்கிறவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் நான் விழுப்புரத்தில் சோறு வடித்து வைத்துவிட்டு ரயிலைப் பிடித்துத் திண்டிவனம் போய் இதை வரைகிறேன் என்று தெரியாது. நான் எழுதாமல் விட்டதை அவர்கள் தங்கள் வழக்கப்படி செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டு பக்கமும் செம்பு உள்ள போர்டில், துளையின் உள்சுவரிலும் செம்பு பூசுவார்கள். மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் சேர்ப்பதே அந்தப் பூச்சுதான். பூசினால் துளை கொஞ்சம் சுருங்கும். ஆகவே 'இங்கே தந்திருப்பது பூச்சு முடிந்த பிறகு இருக்க வேண்டிய அளவு' என்று ஒரு வரி எழுதுவோம். அதைப் பார்த்துவிட்டு அவர்கள் கொஞ்சம் பெரிதாகத் துளைத்துக்கொள்வார்கள். பதினைந்து வருடமாக நான் எழுதிவரும் வரி. இந்தப் படத்தில் அது இல்லை. ஏன் இல்லை என்றால், புதிதாக ஆரம்பிக்கச் சோம்பல்பட்டு, பழைய ஸ்டெபிலைசர் போர்டு ஒன்றின் படத்தைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, அதன்மேலேயே வேலை செய்தேன். அது ஒரு பக்கம் மட்டும் செம்பு உள்ள சாதாரண போர்டு. துளைக்குள் பூச்சே கிடையாது, அந்த வரிக்கும் அங்கே வேலை கிடையாது. துளை அட்டவணையின் தலைப்புகூட 'டிரில் அளவு' என்று பழையபடியே நின்றுவிட்டது. முதலில் செய்த மாதிரி போர்டுகள் நன்றாகத்தான் வந்தன, ஏனென்றால் அவற்றை எங்களோடு பழகிய பழைய ஆட்கள் செய்தார்கள். நான் எழுதாததையும் அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். அறுபதையும் செய்தது புது இடம்.

அந்தப் புது இடத்துப் பெண் என்னைக் கேட்டாள், தம்பி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மேடம், துளை அளவு பூச்சுக்கு முன்னாலா, பின்னாலா?" என்று மெயில் அனுப்பியிருந்தாள். கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்ட பெண். அது வந்த நேரம் நாம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம், நீ சென்னைக்குக் கிளம்பிய அன்று. "மெட்ராஸ்ல வாளி விக்க மாட்டாங்களாம்மா? இத வேற தூக்கிகினு போகணுமா?" என்று நீ எரிந்து விழுந்தாய். "விப்பாங்க. நீதான் வாங்க மாட்ட" என்று நான் வாளிக்குள் ஊறுகாய் பாட்டிலைச் செருகிக்கொண்டிருந்தேன். போன் முனகியது. பார்த்தேன். படத்தைத் திறக்கவில்லை. எங்கள் தொழிலில் யாராவது கேள்வி கேட்டால் வாயில் தயாராக இருக்கும் பதிலைத் தட்டிவிட்டேன்: 'டிராயிங்கில் உள்ளபடி செய்யவும்.' டிராயிங்கில் டிரில் அளவு என்றுதானே இருந்தது? அவள் அப்படியே செய்தாள். உன் பஸ் கிளம்பியது, நான் அழுதேன், அந்த மெயிலை மறந்தே போனேன்.

இப்போது அந்த ஹேண்ட் டிரில். துளை சின்னதாக இருந்ததால் சூப்பர்வைசர் பெரிதாக்கினார். பெரிதாக்கும்போது உள்ளே பூசியிருந்த செம்பைச் சுரண்டி எடுத்துவிட்டார். மேலும் கீழும் இப்போது ஈயப்பற்று பிடித்துக்கொண்டிருக்கும் அளவுக்குத்தான் சேர்ந்திருக்கின்றன. இன்றைக்கு மீட்டர் வைத்தால் சரியாகக் காட்டும். நீயே டெஸ்ட் பண்ணிப் பாஸ் போட்டாய், உன் மேல் தப்பில்லை. ஆனால் சூடு ஏறி இறங்கி, வண்டியில் குலுங்கி, ஆறு மாதம் கழித்து அது தளரும். அந்த கனெக்டரில் வருவது, குழந்தையின் தோலில் ஒட்டும் சென்சார் கம்பி.

செவ்வாய்க்கிழமை ஓனர் சாரிடம் போனேன். அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் ஒரு கை அள்ளி வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"டெஸ்ட் பாஸ் ஆச்சா இல்லியா?"

"ஆச்சு சார்."

"அப்பறம் இன்னாம்மா? ஓடற வண்டிய நிறுத்தி பஞ்சர்னு சொல்றியே."

"பஞ்சர்தான் சார். காத்து இன்னும் எறங்கல, அவ்ளோதான்."

"மிஷின்ல அலாரம் இருக்குதில்ல? ஒயரு போச்சின்னா கத்திக்கினு கெடக்கும்."

"சுத்தமா போச்சின்னா கத்தும் சார். லூசா இருந்தா கத்தாது. கொழந்த ஜில்லுனு இருக்குதுன்னு நெனச்சிக்கினு மேல மேல சூடேத்தும்."

தோலையெல்லாம் பேப்பரோடு சுருட்டினார். "உம் பையன் அங்க சேந்து நாலு மாசம் ஆவுதா? நாந்தான சொல்லி வெச்சேன்" என்றார். அதற்குப் பிறகுதான் அந்த "நல்லா யோசிச்சிக்கோம்மா". மிரட்டினார் என்று சொன்னால் அது பொய். உனக்கு அம்மை போட்டிருந்தபோது வீட்டுக்கே கம்ப்யூட்டரைக் கொடுத்தனுப்பி, பதினைந்து நாள் இங்கிருந்தே வரையச் சொன்னவர் அவர். இப்போதும் குரல் கனிவாகத்தான் இருந்தது. அந்தக் கனிவுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. உன் பெயரை எடுத்து என் வாய்மேல் வைத்து அழுத்துகிறார், அதையும் அன்பாகச் செய்கிறார்.

புதன்கிழமை உன்னிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "விடும்மா. யாராச்சும் கேட்டா பாத்துக்கலாம். கேக்காதப்ப நாம எதுக்கு வாயத் தொறக்கணும்? நாந்தான் உன்கிட்ட சொன்னேன்னு தெரிஞ்சா என்ன வெச்சி செஞ்சிடுவாங்க." எனக்குக் கோபம் வரவில்லை. அது யாருடைய பேச்சு என்று எனக்குத் தெரியும்.

நீ எட்டாவது படிக்கும்போது பள்ளி ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப் விழுந்து உடைந்தது. முழங்கையால் இடித்தது நீ. பக்கத்தில் நின்றதற்காக மாட்டிக்கொண்டவன் இன்பராஜ். வீட்டுக்கு வந்து நீ அழுதாய். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாய். நான்தான் "கேட்டா சொல்லு. கேக்கலன்னா வாய மூடிக்கினு இரு" என்றேன். யாரும் கேட்கவில்லை. சித்தாள் வேலைக்குப் போகும் இன்பராஜின் அம்மாவை வேலை நேரத்தில் கூப்பிட்டு, தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே நிற்க வைத்தார்கள். சிமெண்ட் காய்ந்த காலோடு அவள் நின்றதை நான் பார்த்தேன். உனக்குக் கட்டணம் கட்டவோ எதற்கோ அன்று நானும் அங்கே வந்திருந்தேன். பார்த்துவிட்டு வேறு படிக்கட்டு வழியாக இறங்கிப் போனேன். ஒரு மாதம் கழித்து நீ "அவன் எங்கிட்ட பேச மாட்டேங்கறாம்மா" என்றபோது, "ஊருல வேற ஃபிரண்டே இல்லியா?" என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை போட்டேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவுக்கும் தெரியாது. உனக்கு நான் எவ்வளவோ சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதில் நீ ஒரு தடவையில் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

அதனால் இப்போது அம்மாவாக உனக்கு ஒரு புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்வேன். அன்றைக்குச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். கேட்காவிட்டாலும் சொல். கேட்பதற்கு முன்னால் சொல். கேட்ட பிறகு சொல்வது பதில்தானே தவிர வேறொன்றும் இல்லை, மாட்டிக்கொண்டவன்கூட அதைச் சொல்லிவிடுவான்.

உன் அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் மனுஷர், தொழில் தெரிந்தவர், அவராவது புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஒத்த வரி எழுதாததுக்கு அவன் வேலைய காவு குடுக்கணுமா? படிச்சவளாட்டம் பேசு" என்றார்.

"படிச்சதாலதாங்க பேசறேன். நீங்க கட்டுன மோட்டாரு எரிஞ்சா இன்னா ஆவும்?"

"கடைக்கு எடுத்தாருவாங்க. திட்டுவாங்க. திரும்பக் கட்டிக் குடுப்பேன்."

"எரியறது மோட்டாரு. அதனால திரும்பக் கட்டிக் குடுக்கறீங்க."

பிசைந்த சாதத்தைத் தட்டிலேயே விட்டார். "என்னமோ பண்ணு. என்னக் கேக்காத" என்று எழுந்துபோய்க் கை கழுவினார். கை கழுவிவிட்டுத் திரும்பி, "எத்தினி போர்டு?" என்று கேட்டார். அவர் வேண்டாம் என்று சொன்னதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், கையில் குழந்தையோடு. ஆஸ்பத்திரிக்காக முண்டியம்பாக்கத்தில் இறங்க வேண்டியவள். "யக்கா, சித்த புடிங்களேன், தலைய முடிஞ்சிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே என் மடியில் வைத்துவிட்டாள். "பொறந்தப்ப ஒன்ற கிலோக்கா. பத்து நாளு பொட்டியில வெச்சிருந்தாங்க. கண்ணாடிக்கு இந்தாண்ட நின்னு பாத்துக்கினே இருப்பேன். இன்னிக்கி எடை போட வரச் சொல்லிக்கிறாங்க" என்று வாயில் ஹேர்பின்னைக் கவ்விக்கொண்டே சொன்னாள். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. அவள் வயதில் நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்றாம் ஆண்டுப் பரீட்சை எழுத வந்தவள். பரீட்சை அறைக்கு வெளியே உன் அத்தை உன்னை வைத்துக்கொண்டு, "இவ படிச்சி எந்தக் கோட்டையப் புடிக்கப் போறாளாம்?" என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டிருந்தாளாம். கோட்டை ஒன்றும் பிடிக்கவில்லை. ஒரு தாளில் துளை எத்தனை, எந்த அளவு என்று எழுதுகிறேன். அதையாவது சரியாக எழுதியிருக்க வேண்டும்.

உன் வேலையைப் பற்றி யோசிக்காமல் இருப்பேனா? நீ சேர்ந்த நாளிலிருந்து, சாப்பிட்டாயா, பல்லாவரத்து அறையில் கரண்ட் போனால் என்ன செய்வாய், நீ தங்கியிருக்கும் அந்த ஐந்தாவது மாடியின் கைப்பிடிச் சுவர் உயரம் போதுமா என்று நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். இரவில் கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிறவள் நான். பயம் எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் பயந்து உட்கார்ந்தால் அதற்கு மேல் என்னால் எதையும் வரைய முடியாது. மெயிலில் உன் பெயர் இல்லை. பயந்துகொண்டு மறைக்கவில்லை, அங்கே உன் பெயருக்கு வேலையே இல்லை. என் படத்தை நானே திரும்பிப் பார்த்தேன், பூச்சு வரி விட்டுப்போயிருக்கிறது, இந்த அளவில் துளைத்துப் பூசினால் அந்தப் பின் இறங்க வழியே இல்லை, இறங்கியிருக்கிறது என்றால் யாரோ துளையை அகலப்படுத்தியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். அதைக் கண்டுபிடிக்க உளவாளி வேண்டாம், ஸ்கேல் போதும். திருத்திய படத்தையும் சேர்த்து அனுப்புகிறேன். 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரை முழுசாகப் போட்டிருக்கிறேன், முதலெழுத்து மட்டும் போடும் பழக்கத்தை விட்டுவிட்டேன். ஓனர் சார் என்னைப் போகச் சொன்னால் போகிறேன். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. கையும் கண்ணும் நன்றாக இருக்கின்றன.

உன்னை வேலையை விட்டு அனுப்பினால்? அனுப்பினால் வா. வாளியோடு வா. டெஸ்ட் பாஸ் என்று முத்திரை குத்திக்கொண்டு, அந்த முத்திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கும் வேலையில் நீ வயசாகிப் போவதைவிட, நீ வீட்டில் சும்மா படுத்துக் கிடப்பதே எனக்கு மேல். அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். கேட்கட்டும். நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை நீ யாரிடம் காட்டினாலும் எனக்குக் கவலையில்லை. உன் சூப்பர்வைசரிடமே காட்டு. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்றும் சொல். சின்னத் துளையை அவரிடம் அனுப்பியது நான்தான்.

துளையைப் பெரிதாக்கிய போர்டுகள் எந்தெந்த இயந்திரத்தில் இருக்கின்றன என்று உனக்குத் தெரியும். ஒவ்வொன்றின் மேலும் வரிசை எண் இருக்கிறது. அந்த எண்கள் இருந்தால் எல்லா இயந்திரத்தையும் பிரிக்க வேண்டியதில்லை. அதை எனக்கு அனுப்பாதே. நான் அதை எடுத்துப் போய்க் கொடுத்தால் நீ மறுபடியும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஆகிவிடுவாய். கொடுப்பதென்றால் நீயே, உன் வாயால், தரப் பிரிவில் போய்க் கொடு. கொடுக்காவிட்டாலும் நீ என் பிள்ளைதான், என் மெயிலும் போகத்தான் போகும்.

இவ்வளவையும் எழுதி முடித்து, போட்டோ எடுக்க விளக்கைப் போட்டபோதுதான் நீ சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது. புதன்கிழமை நீ கோபத்தில் பேசிக்கொண்டே போனபோது நடுவில், "டெமோவுக்கு ஒரு மிஷின் வேற எடுத்துக்கினு போயிட்டாங்க, இப்ப போய் பேஜாரு பண்றியே" என்றாய். அப்போது என் காதில் அது ஏறவே இல்லை. அந்த இயந்திரத்தில் இருப்பது முதலில் வந்த மாதிரி போர்டா, இந்த அறுபதில் ஒன்றா? டெமோ என்றால் மேசைமேல் வைத்துக் காட்டுவதோடு சரியா, இல்லை வார்டில் குழந்தையைப் படுக்க வைப்பார்களா? எந்த ஊர்? மாதிரி போர்டு என்றால் திங்கட்கிழமை வரை பொறுக்கிறேன். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் விடிந்ததும் உன் கம்பெனி மேனேஜருக்கு நானே போன் போடுவேன். மற்றதற்கெல்லாம் நீ மெதுவாகப் பதில் சொல்லலாம், கோபம் ஆறின பிறகுகூடச் சொல்லலாம். இந்த ஒன்றுக்கு மட்டும், கண் விழித்துப் பார்த்த உடனே பதில் போடு.

அம்மா